மடுவத்து அக்காவின் சீனக்காரம்

மடுவத்து அக்காவின் இடுப்பில் ஒரு சுருக்குப்பை தொங்கும். அதில் வெற்றிலையும் இருக்காது, சில்லறையும் இருக்காது. ஒரு கட்டி சீனக்காரம் மட்டும் இருக்கும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படிகாரம் என்று போட்டிருப்பார்கள். இலங்கையில் எங்கள் ஓப்பநாயக்கப் பக்கத்தில் சிங்களவர்களும் முஸ்லிம்களும் தேயிலைத் தோட்டத்து ஆட்களும் ஒன்றுபோலச் சொல்வது சீனக்காரம் என்றுதான். பார்ப்பதற்குப் பனிக்கட்டி மாதிரி இருக்கும், கையில் எடுத்தால் குளிராது.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. தோட்டத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு மாலையில் தூக்கிக்கொண்டு போகும் இடத்துக்குப் பிள்ளை மடுவம் என்று பெயர். அதைப் பார்த்துக்கொண்டவர் என்பதால் எல்லோருக்கும் அவர் மடுவத்து அக்கா. நான் அப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். பள்ளிக்கூடத்துக்கும் மடுவத்துக்கும் நடுவில் ஒரு வேலிதான். என் மனைவியும் வேலைக்குப் போனதால் எங்கள் மகளும் அக்காவின் கையில்தான் வளர்ந்தாள்.

மழைக்காலத்தில் அட்டை கடிக்காமல் யாரும் மலையிலிருந்து இறங்குவதில்லை. அட்டையைப் பிய்த்து எறிந்துவிடலாம். ஆனால் கடிவாயிலிருந்து இரத்தம் வழிந்துகொண்டே இருக்கும், லேசில் நிற்காது. மத்தியானம் பால் கொடுக்க ஓடிவரும் தாய்மாரை அக்கா வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

"கால நீட்டுடி."

"ஐயோ, எரியுதுக்கா!"

"எரியட்டும். ரத்தக் காலோட உள்ள போனா புள்ளைங்க பயந்துக்கும். அந்த மிட்வைஃப் நோனா வேற இன்னைக்கு வாரேன்னு சொல்லியிருக்கு. பாத்தா என்னா நெனைக்கும்? இவளுகளுக்குக் காலு கழுவக்கூட தெரியாதுன்னு நெனைக்கும்."

கட்டியை நனைத்து, கடிவாயில் வைத்து அழுத்திப் பிடிப்பார். கொஞ்ச நேரத்தில் இரத்தம் நின்றுவிடும். பிறகு கட்டியைக் கழுவித் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

அந்தப் பொருளைப் பற்றி இங்கே சரியாகச் சொல்லிவிடுவது நல்லது. சீனக்காரம் ஓர் உப்பு. கறியில் போடும் உப்பு இல்லை. அலுமினியமும் பொட்டாசியமும் கந்தகமும் சேர்ந்து உண்டாவது. வெந்நீரில் சட்டென்று கரையும், பச்சைத் தண்ணீரில் சோம்பலாகக் கரையும். நாக்கில் வைத்தால் முதலில் இனிப்பது போலிருந்து, உடனே வாயெல்லாம் இழுத்துக்கொள்ளும். தோலைச் சுருக்கும். தகரத்தில் வைத்துச் சூடேற்றினால் தனக்குள் இருக்கும் நீரிலேயே உருகி, பொங்கி, வெள்ளைப் பொரியாக நிற்கும். அதை இடித்த பொடியைத்தான் அக்கா சேற்றுப்புண்ணுக்குப் போடுவார். கலங்கல் தண்ணீரில் விட்டுச் சுற்றினால் கண்ணுக்குப் பிடிபடாத களித் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, பஞ்சு மாதிரித் திரட்டி, அடியில் இறக்கிவிடும். கிருமியைக் கொல்லாது. அதற்குத் தண்ணீரைக் கொதிக்கத்தான் வைக்க வேண்டும். அக்காவும் தெளியவைத்த பிறகு கொதிக்கவும் வைத்துத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அதில் அவர்மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

ஓப்பநாயக்க டவுனில், நானா என்று எல்லோரும் கூப்பிடும் முஸ்லிம் ஒருவரின் பலசரக்குக் கடையில்தான் அவர் அதை வாங்குவார். ஒருமுறை நானும் கூட நின்றிருந்தேன்.

"போன கெழமயும் கொண்டு போனீங்களே தங்கச்சி. சோத்தோட பெசஞ்சு திங்கிறீங்களா?" என்றார் நானா.

"இல்லீங்க நானா, ஒங்க கடைத் தேத்தண்ணியில போடத்தான். அடியில கெடக்குற மண்டியாச்சும் எறங்கட்டும்."

"அல்லாஹ்வே! மொதல்ல ஒங்க வாயில ஒரு கட்டி போடணும். கொஞ்சம் சுருங்கும்."

"போட்டுத்தான் பாத்தேன் நானா. சுருங்கல."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உள்ளே பழுப்பு ஓடாத கட்டியாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டார்.

காலையில் குளித்ததும் அதே கட்டியைத் தண்ணீரில் தோய்த்து அக்குளில் தேய்த்துக்கொள்வார் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். வியர்வை நாற்றம் வராது. மடுவத்தில் கூட இருந்து உதவி செய்த பெண்ணையும் தேய்த்துக்கொள்ளச் சொல்லி விரட்டுவாராம். அதற்கான காரணத்தை அவர் ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னார். நல்ல மழை. மகளைக் கூட்டிப்போக வந்த நான் மடுவத்து வாசலிலேயே மாட்டிக்கொண்டேன். அவர் பால் போத்தல்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

முதல் பிள்ளை பிறந்த சமயத்தில், காய்ச்சலில் கிடந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். மருந்து கட்டுகிற பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வத்தே மினிசு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லியிருக்கிறாள். தோட்டத்து ஆட்கள் என்று அர்த்தம். பிறகு இவரை வாங்குப் பலகையிலிருந்து எழுப்பி வராந்தாவின் கடைசியில் போய் நிற்கச் சொல்லியிருக்கிறாள்.

"அந்தப் புள்ள பொய் சொல்லல மாஸ்டர்," என்றார் அக்கா. "மழையில நடந்தே போயிருந்தேன். முந்தின நாளு மலையில கட்டுன அதே சீலை. நாத்தம் இருந்திருக்கும்."

"அதுக்காக அப்படிச் சொல்லலாமா அக்கா?"

"அது சொல்லும். நம்ம ஏன் சொல்ல வைக்கணும்?"

அக்கா அடுத்த போத்தலை எடுத்துக் கழுவினார். 

வெளியாள் ஒருவர் தோட்டத்துக்குள் வருகிறார் என்றால் அக்காவின் நடையே மாறிவிடும். நோனா என்று மரியாதையாகக் கூப்பிடும் மிட்வைஃப், பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், பெண் பார்க்க வருகிறவர்கள், எலக்ஷன் காலத்தில் கும்பிட்டுக்கொண்டு வருகிறவர்கள், யாராக இருந்தாலும் ஒன்றுதான். மடுவத்தைக் கழுவிவிட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்துக்கு இறங்குவார். சாக்கடைக் காணில் அடைத்துக் கிடக்கும் குப்பையைத் தள்ளுவார். கொடியில் தொங்கும் கிழிந்த துணியை உருவி யார் வீட்டுக் காம்பராவிலாவது எறிவார். ஒருநாள் அப்படிப் போகும்போது ஒரு புருஷனும் பெண்சாதியும் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"நோனா வந்திட்டுப் போகட்டும். பெறகு அடிச்சுக்குங்க," என்றார் அக்கா.

"நீங்க யாரு எங்க சண்டைக்கு நேரம் குறிக்க?" என்று அந்தப் பெண் பாய்ந்தாள்.

"நேரம் குறிக்கலடி. எடத்த மாத்துறேன். உள்ள போய்க் கத்து."

லயமே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் இன்னொரு நாள் நடந்ததை என்னால் அப்படிச் சொல்ல முடியாது. தோட்டத்துப் பெண்களின் நலத்தை விசாரிக்க டவுனிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்த நாள் அது. ஓர் இளம் தாய் உதடு கிழிந்து வந்தாள். யார் அடித்தது என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா அவளை உட்காரவைத்து, தலையைத் தடவி, கிழிந்த இடத்தில் சீனக்காரத்தை ஒற்றி இரத்தத்தை நிறுத்தினார். அதை மிகவும் பொறுமையாகச் செய்தார். பிறகு பிள்ளைகள் தூங்கும் அறைக்கு அழைத்துப்போய், வந்தவர்கள் போகும்வரை அங்கேயே இருக்கச் சொன்னார். விசாரிக்க வந்தவர்கள் சுத்தமான மடுவத்தைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் அக்காவே அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்று அவள் புருஷனை ஊர் கேட்கத் திட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டத்துக்குள் திட்டலாம். வெளியாளுக்குத் தெரியக்கூடாது. அவர் போட்டிருந்த கோடு அது.

ஒரு வருடம் எங்களுக்கு மேலே, தோட்டத்து எல்லை தாண்டி இருந்த காணியில் மாணிக்கம் தோண்ட ஆரம்பித்தார்கள். அந்தக் குழியைப் பத்தல் என்று சொல்வோம். எங்கள் சபரகமுவ மாகாணத்து மண்ணில் இது புதிதில்லை. ஆனால் இது ஓடைக்கரையில் வெட்டிய குழி. குழியில் ஊறும் தண்ணீரை இயந்திரம் வைத்து இறைத்து ஓடையிலேயே விட்டார்கள். கல்லும் மண்ணும் கழுவிய தண்ணீரும் அதே ஓடையில்தான் வந்தது. அந்த ஓடையிலிருந்துதான் ஒரு பைப் எங்கள் சீமெந்துத் தொட்டிக்கு வரும். தொட்டியிலிருந்து மடுவத்துக்கும் மேல் லயத்துக்கும் தண்ணீர் போகும்.

தண்ணீர் பால் ஊற்றிய தேத்தண்ணீர் நிறத்துக்கு வந்தது. மழைச்சேறு என்றால் ஒரு வாளியில் பிடித்து வைத்தால் காலையில் தெளிந்துவிடும். பத்தல் சேறு அப்படியில்லை. மாவு போன்ற களி, நாள்கணக்கில் வைத்தாலும் இறங்காது. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது. தேகமெல்லாம் சொறி வந்தது. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் தோட்டத்தின் அடுத்த டிவிஷனில் ஊற்றுநீர் விழும் பீலிக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். மலையில் நாள் முழுக்கக் கூடை சுமந்த பெண்கள் சாயங்காலம் குடத்தையும் சுமந்தார்கள். அந்த நாட்களில் அவர்கள் முகத்தில் கோபத்தைவிடக் களைப்பைத்தான் நான் பார்த்தேன்.

மடுவத்தில் அக்கா ஒரு பெரிய பானை நிறையப் பிடித்து, கட்டியை நூலில் கட்டி உள்ளே விட்டு, கரண்டி மாதிரிச் சுற்றுவார். கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள் பூப்பூவாகத் திரளும். பிறகு மெல்ல இறங்கும். மேலே இருப்பதை அலுங்காமல் மொண்டு கொதிக்க வைப்பார். தாய்மாரும் வாளியோடு வர ஆரம்பித்தார்கள். ஆனால் ஒரு லயத்துக்கே இப்படிச் சுற்றிக் கொடுக்க முடியுமா? எல்லோரும் சேர்ந்து ஒரு மனு எழுதுவது என்று முடிவானது. நான் சிங்களத்தில் எழுதினேன். முதல் கையெழுத்து அக்காவுடையது. மாணிக்கக் குழிகளுக்கு அனுமதி கொடுக்கும் இரத்தினபுரி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது. நாளும் குறிப்பிட்டிருந்தது.

எங்கள் லயத்து இளைஞர்கள் இரண்டு பேர் அந்தப் பத்தலில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தகவல் மேலே போக வேறு வழி வேண்டியதில்லை. அதிகாரி வருவதற்கு இரண்டு நாள் முன்பே இயந்திரத்தின் சத்தம் நின்றுவிட்டது. ஓடை மெல்லத் தெளிந்தது.  ஆனாலும் எங்களுக்கு ஒரு தைரியம் இருந்தது. தொட்டி நிறைய அந்தக் களித்தண்ணீர் அப்படியே நின்றது. அது தானாக இறங்காது. ஓடையைக் கழுவிவிட்டாலும் தொட்டி சாட்சி சொல்லும் என்று பேசிக்கொண்டோம். அப்போது படம் எடுக்கிற கைப்பேசி எங்கள் லயத்தில் ஒருவரிடமும் இல்லை.

அதிகாரி வந்தார். நடுத்தர வயது, நல்ல மனிதர், அதட்டிப் பேசாதவர். ஓடையைப் பார்த்தார். லேசாகக் கலங்கியிருந்தது, எந்த ஓடையும் அப்படித்தான் இருக்கும். தொட்டித் தண்ணீரைப் பாருங்கள் என்று நான் அழைத்து வந்தேன். மடுவத்துக் குழாயைத் திறந்தேன்.

கண்ணாடி மாதிரித் தண்ணீர் விழுந்தது.

நான் குழாயை மூடி மறுபடி திறந்தேன். அப்போதும் அப்படியே விழுந்தது. கூடி நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஓர் இளைஞன் தொட்டிமேல் ஏறி, "அடியில பாருங்க மாத்தயா, சேறு கெடக்கு!" என்று கத்தினான். அதிகாரியும் ஏறி எட்டிப் பார்த்தார். எந்தத் தொட்டியிலும் அடியில் கொஞ்சம் வண்டல் இருக்கும், அடிக்கடி கழுவச் சொல்லுங்கள் என்றார்.

அப்போது அக்கா வந்தார். வெளுத்த சேலை, படிய வாரிய தலை. ஒரு தட்டில் பீங்கான் கோப்பை, சாயத் தேத்தண்ணீர், பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர். தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். அதிகாரி தண்ணீரைக் குடித்தார், தேத்தண்ணீரையும் குடித்தார். மடுவம் மிகவும் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னார். குறிப்பு எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் விடியுமுன்பே இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

அக்கா எதையும் மறைக்கவில்லை. கேட்டதும் சொன்னார். அதிகாரி வருவதற்கு முதல் நாள், பிள்ளைகள் போன பிறகு, கைப்பிடி அளவுக் கட்டிகள் மூன்றை அம்மியில் பொடித்து, வெந்நீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றி மூங்கிலால் கலக்கியிருக்கிறார். புதுத் தண்ணீர் விழுந்து அடிக்களியைக் கலக்கிவிடக்கூடாது என்று பைப்பின் வாயில் சாக்கைச் சுருட்டி அடைத்திருக்கிறார். விடிவதற்குள் அவ்வளவு களியும் இறங்கிவிட்டது.

மேல் லயத்துப் பெண்கள் மடுவத்து வாசலில் கூடினார்கள். அவர்களில் வாய் நீளமான ஒருத்தி, கையில் வெறும் குடத்தோடு முன்னால் வந்தாள்.

"பத்தல்காரன்கிட்ட எவ்வளவுக்கா வாங்குனீங்க?"

"என் புள்ளைங்க மேல சத்தியமா அப்படி இல்லடி."

"பெறகு என்னாத்துக்கு? அந்தச் சேத்தக் காட்டத்தானே கூப்புட்டோம்?"

"காட்டத்தான் கூப்புட்டோம்," என்றார் அக்கா. குரல் கீழே போயிருந்தது. "அவரு வர்றதுக்கு மொத நாளு அந்தியில குழாயத் தொறந்து பாத்தேன். இதையா அந்த மனுசன் முன்னாடி ஊத்துறதுன்னு வந்திருச்சு. குடிக்கக் கேட்டா என்னா குடுக்குறது? இதக் குடிச்சுதான் இவங்க இருக்காங்கன்னு போயிச் சொல்லுவாருல்ல?"

"அதத்தான்கா சொல்லணும்! அதச் சொல்லத்தான் வந்தாரு!"

 குடத்துக்காரி வெறுங்குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிறகு, "போங்கக்கா. ஒங்களோட பேசுறதுக்கு நான் பீலிக்கே போயிருவேன்," என்று திரும்பி நடந்தாள். அந்தப் பேச்சில் வெறுப்பு இல்லை, அலுப்புதான் இருந்தது. அது அக்காவை அதிகமாகச் சுட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த புதன்கிழமை காலை, பஸ் நிற்கும் சந்தியில், அதே வெளுத்த சேலையில் அவர் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் மறுபடி மனு கொடுக்க இரத்தினபுரிக்குப் போவதை என் மனைவி சொல்லியிருக்கிறாள். அவர் கையில் ஒரு பெரிய சோடாப் போத்தல் நிறையத் தொட்டித் தண்ணீர் இருந்தது.

"நான் அந்த மாத்தயாவப் பாக்கணும் மாஸ்டர். நான் குடுத்த தண்ணிக்கு நான்தானே சொல்லணும்?"

பஸ்ஸில் போத்தலைச் சேலைத் தலைப்பால் மூடி மடியில் வைத்துக்கொண்டார். பெல்மதுளை டவுன் தாண்டும்வரை அதைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

அலுவலகத்தில் பெரிய கூட்டம். வாங்கில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். உச்சி நேரம் தாண்டியும் எங்களைக் கூப்பிடவில்லை. அக்கா குனிந்து தலைப்பை விலக்கிப் பார்த்தார். போத்தலின் கழுத்துப் பக்கம் நிறம் சற்று வெளுத்தாற்போல் இருந்தது. என் கண்ணுக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை. அவர் பதறிப்போனார்.

"இறங்குது மாஸ்டர்! பாருங்க, இறங்குது! மறுபடி நல்ல தண்ணின்னு சொல்லிருவாங்க."

மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போத்தலைக் குலுக்கினார். பக்கத்தில் இருந்த பெண் தன் கைப்பையை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். அக்கா அதைப் பார்த்தார். பார்த்தும் குலுக்கினார். கொஞ்சம் பொறுத்து மறுபடி குலுக்கினார். காகிதக்கட்டோடு போன பியோன் நின்று, சிங்களத்தில், "என்ன அம்மே, பால் தேத்தண்ணீரா? வீட்டிலிருந்தே கொண்டு வந்தாச்சா?" என்றான். வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இல்ல மாத்தயா, தண்ணி," என்று அக்காவும் சிங்களத்திலேயே சொன்னார். "நாங்க குடிக்கிற தண்ணி."

சிரிப்பு பாதியில் நின்றது. அக்கா தலையைக் குனியவில்லை. ஆனால் காது நுனிவரை அவர் முகம் கறுத்துவிட்டதை நான் பார்த்தேன். தலைப்பால் மறுபடி மூடவும் இல்லை. போத்தல் எல்லோரும் பார்க்க மடியில் இருந்தது.

எங்களைக் கூப்பிட்டபோது அதிகாரிக்கு அவரை அடையாளம் தெரிந்தது. நல்ல தேத்தண்ணீர் கொடுத்த அம்மா அல்லவா என்றார். அக்கா போத்தலை மேசையில் வைத்தார். இதுதான் தொட்டித் தண்ணீர் என்றார்.

"நான் வந்த அன்று அப்படி இல்லையே?"

"அன்னைக்கு நான் சீனக்காரம் போட்டேன், மாத்தயா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நீங்களே முறைப்பாடு செய்துவிட்டு, நீங்களே ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

அக்கா என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம், நீளமாக விளக்கியிருக்கலாம். அதற்குள் அவரே சொன்னார்:

"மாத்தயா எனவா கியலா."

நீங்கள் வருகிறீர்கள் என்பதால். அவ்வளவுதான் அந்தச் சிங்கள வார்த்தைகளுக்கு அர்த்தம்.

அதிகாரியின் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. போத்தலைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கமாகப் பிடித்துப் பார்த்தார். அதை மேசையில் வைத்துவிட்டு, மறுபடி வருகிறேன், ஆனால் நாளைச் சொல்ல மாட்டேன் என்றார். "பத்தல்காரர்களுக்கும் சொல்ல மாட்டேன். உங்களுக்கும் சொல்ல மாட்டேன்."

அதன் பிறகு அக்கா பட்ட பாட்டை நான் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். குடிக்கிற பானைக்கு மட்டும் கட்டியைச் சுற்றுவார். தொட்டிப் பக்கம் போவதில்லை என்று பெண்களிடம் வாக்குக் கொடுத்திருந்தார். பிள்ளைகளின் வெள்ளைத் துணிகள் அந்தத் தண்ணீரில் அலசி அலசிப் பழுப்பாகிவிட்டன. அவற்றை அப்படியே முன்கொடியில் காயப்போட்டார். எந்த நேரமும் யாரும் வரலாம். சாலையில் ஏதாவது வாகனம் இரைந்தால் வாசலுக்கு வந்து நிற்பார். கொழுந்து லொறி என்று தெரிந்ததும் உள்ளே போவார். அந்த நாட்களில் அவர் மெலிந்தும் போனார். தொட்டியைத் தெளியவைக்காமல் விட்டுவைத்திருப்பது அவருக்கு ஒரு வேலையாகவே இருந்தது, அதுவும் ஓய்வே இல்லாத வேலை.

அதிகாரி ஒரு மத்தியானம் வந்தார். வெயில் கொளுத்தியது. ஜீப்பைக் கீழேயே விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நேரே பத்தலுக்கு நடந்து ஏறி, இயந்திரம் இறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, ஓடையோரமாகவே மடுவத்துக்கு இறங்கி வந்தார். காலில் சப்பாத்தெல்லாம் களி. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சத்தம் கேட்டு நானும் வேலியைத் தாண்டிப் போனேன்.

"அம்மே, குழாய்த் தண்ணீர் கொஞ்சம் கொடுங்கள்," என்றார்.

கொதித்து ஆறிய தெளிந்த தண்ணீர் உள்ளே பானையில் இருந்தது. அக்கா ஒருமுறை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடிக் கிளாஸை எடுத்துக் குழாயில் பிடித்தார். அது பழுப்பாக நிறைந்தது. தட்டில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். முகத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார்.

அதிகாரி அதை வாங்கினார். பார்த்தார். ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். கொண்டு வந்திருந்த சிறு போத்தல்களில் குழாய்த் தண்ணீரையும் ஓடைத் தண்ணீரையும் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டார்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கிழமையே இயந்திரம் நின்றது, குழியையும் மூடினார்கள். எங்கள் தொட்டிக்குத் தெளிந்த தண்ணீர் வந்தது. அடுத்த வருடம் ஓடையின் இன்னொரு கிளையில், அனுமதிப் பத்திரத்தோடு, வேறு ஆட்கள் வேறு குழி வெட்டினார்கள். அதற்கும் மனு எழுதினோம். அதற்குப் பிறகு வந்ததற்கும் எழுதினோம். அக்கா அதற்குள் ஓய்வு பெற்று, வரக்காப்பொலையில் கட்டிக்கொடுத்த மகளோடு இருக்கப் போய்விட்டார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அன்று அதிகாரி எழுதி முடித்ததும் எல்லோருக்கும் பொதுவாகத் தலையசைத்துவிட்டுப் பள்ளத்தில் இறங்கினார். அவர் முகத்தைப் பார்த்தே விஷயம் முடிந்தது என்று பெண்களுக்குத் தெரிந்துவிட்டது. குடத்துக்காரி ஓடிவந்து அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அக்கா, முடிச்சிட்டாருக்கா! இனி அவனுக தோண்ட ஏலாது. என்னாக்கா, சிரிங்களேன்!"

அக்கா ஜன்னல் கட்டையில் இருந்த கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய்கூடக் குறையவில்லை. கீழே வளைவில் அதிகாரி நின்று, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி நடந்தார்.

"அந்த மனுசன் எம்புட்டு தூரம் வெயில்ல ஏறி வந்திருக்காரு," என்றார் அக்கா. "தாகத்தோடயே போறாரு, பாரு."